காணாமல் போன எட்டு டெசிபல்

வீரசோழன்
9 ஏப்ரல் 2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வியாழக்கிழமை நீங்கள் போனை வைத்தீர்கள். ஆறு நாள் ஆகிறது. பெற்ற உம்மா என்று மாமியிடம் மட்டும் பேசுகிறீர்கள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே கேட்கிறேன். நலமாக இருப்பதாகத் தெரிகிறது.

போனில் நாம் இருவரும் கத்துகிறோம். எழுதும்போது கத்துவது கடினம். அதனால் இந்த மெயில்.

ஜூன் பற்றி எழுதப் போவதில்லை. நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. கம்பெனி உங்களுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் தருகிறது, ஜூன் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நான் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். மாமியைத் தனியே விட முடியாது, ஒலிப்புத்தக வேலை ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது, டிசம்பர் வரை பொறுங்கள். அதற்கு நீங்கள், "கெடைக்கும் போலயா, கெடச்சிருச்சா?" என்றீர்கள். பிறகு சத்தம்.

கிடைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கிணறுகளைப் பற்றிய புத்தகம். நீர் ஆய்வாளர் ஒருவர் எழுதியது, இருபத்திரண்டு அத்தியாயம். ஏழாவதில் நம் ஊருக்குப் பக்கம், பரளச்சிக் கிணறுகள் வருகின்றன. அதை வேறு யாரோ படித்து நான் கேட்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு ஆசை எனக்கு எதன் மேலும் வந்ததில்லை. எழுதிய பிறகு கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அழிக்கவில்லை.

முதல் ஐந்து பக்கத்தை மாதிரியாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். மூன்று வாய்ப்பு. நேற்று முதலாவது திரும்பி வந்துவிட்டது. சென்னையில் கிருஷ்ணப்ரியா என்று ஒருவர்தான் கோப்புகளைச் சோதிக்கிறார். அவர் எழுதியது: "குரல் பிடித்திருக்கிறது. ஒலி அளவு மிகக் குறைவு. உச்சம் −11. எங்களுக்கு −3 வேண்டும்."

இதில் பூஜ்யம்தான் கூரை. குரல் கூரையில் முட்டினால் உடைந்துவிடும். அதனால் எல்லா அளவும் கூரைக்குக் கீழே, மைனஸில். −3 என்றால் கூரைக்கு மூன்று டெசிபல் கீழே.

நான் −3க்கு உயர்த்தித்தான் அனுப்பினேன். லேப்டாப்பில் அப்படித்தான் காட்டியது. அங்கே போய் −11 ஆகிவிட்டது.

நடுவில் எட்டு டெசிபல் எங்கே போனது?

நீங்கள் ஏ.சி. மெக்கானிக். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்கிறவர். கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. கோபத்தை வைத்துக்கொண்டே பதில் எழுதலாம்.

ஃபாயிஸா


தம்மாம்
11 ஏப்ரல், வெள்ளி

ஃபாயிஸா,

வ அலைக்கும் ஸலாம்.

ஜூன் பற்றி நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. தேதி மட்டும் மாறாது.

எட்டு டெசிபல் விஷயம். எனக்கு ஒலிப்பதிவு தெரியாது. கேஸ் அளக்கத் தெரியும். எங்கள் வேலையில் அளவு தப்பாக வந்தால் இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் கேஜைப் பார்ப்போம். கேஜ் சரி என்றால் அதை எந்த இடத்தில் மாட்டினோம் என்று பார்ப்போம். அதுவும் சரி என்றால்தான் குழாயில் ஓட்டை.

1. அனுப்பிய அதே கோப்பை உனக்கே மெயில் போட்டு, இறக்கி, அளந்து பார். −3 இருந்தால் சென்னையில் கோளாறு. −11 இருந்தால் வீட்டில்.

2. எப்படிப் பதிவு செய்கிறாய் என்று ஒன்று விடாமல் எழுது. அறை, மைக், எதற்குப் பிறகு எது.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போது ஜெயக்குமார் வந்து எட்டிப் பார்த்தான். எம்.ரெட்டியபட்டிக்காரன் என்று சொல்லியிருக்கிறேனே, அவன்தான்.

"ஏலே, பொண்டாட்டிக்கு லவ் லெட்டரா?"

"டெசிபல் பத்தி எழுதுறேன்."

"அது என்னடா, புது நோயா?"

குவார்ட்டர்ஸ் வரிசையில் எனக்கு அடுத்த ஆள் அவன்தான். இதை உன்னிடம் சொன்னேனா தெரியவில்லை.

அனீஸ்


வீரசோழன்
19 ஏப்ரல் 2025

மச்சான்,

அளந்துவிட்டேன். −11. ஓட்டை வீட்டில்தான்.

ஆனால் அதற்கு முன்பே நான் அவசரப்பட்டு இரண்டாவது மாதிரியை அனுப்பிவிட்டேன். என்னைத் திட்டலாம். குரல்தான் போதவில்லை என்று நினைத்து, மைக்குக்கு இன்னும் நெருங்கி, சத்தமாகப் படித்தேன். பாதியில் மாமி கதவைத் தட்டினார்.

"யாரும்மா உள்ள? யார்ட்ட சண்ட புடிக்கிற?"

"புத்தகம் படிக்கிறேன் மாமி."

"கெணத்தப் பத்தியா? கெணத்துக்குள்ள விழுந்தவ மாதிரியில்ல கத்துற."

அதுவும் திரும்பி வந்தது. உச்சம் −13. கத்தினால் ஏற வேண்டும். இறங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு டெசிபல் காணோம். பயம் ஒரு பக்கம், இது எப்படி என்கிற ஆவல் ஒரு பக்கம். எது பெரியது என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னும் ஒரே வாய்ப்பு. மே இருபது கடைசி.

நீங்கள் கேட்டபடி, ஒன்று விடாமல்:

அறை: பஞ்சு அறை. மெத்தை தைக்கிறவர் வாடகைக்கு எடுத்து மூட்டை அடுக்கியிருக்கிறாரே, அது. மூன்று பக்கமும் கூரை வரை பஞ்சு. உள்ளே போய்ப் பேசினால் குரல் வாயருகிலேயே நின்றுவிடும். முதல் நாள் பயமாக இருந்தது. இப்போது பிடித்திருக்கிறது.

நேரம்: காலை பத்தரை. மயில்கள் கருவேலங்காட்டுக்குப் போயிருக்கும். பள்ளிக்கூட வேன்கள் போயிருக்கும். ஃபேனை அணைத்துவிடுவேன். பத்தாவது நிமிடம் கழுத்தில் வேர்வை இறங்கும். வேர்வைக்குச் சத்தமில்லை.

இருப்பு: நான் தரையில். எதிரே குக்கர் வந்த அட்டைப் பெட்டி மேல் மைக். மைக்குக்குப் பின்னால் லேப்டாப். குனிந்து பொத்தானைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பேன்.

பிறகு: முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து −3க்கு உயர்த்துவேன். அதிலேயே மிகச் சத்தமான இடம் −3ஐத் தொடும். மற்றதெல்லாம் அதே அளவு ஏறும். அதன் பிறகு முன்னாலும் பின்னாலும் வேண்டாததை வெட்டுவேன். அனுப்புவேன்.

அவ்வளவுதான். இதில் ஓட்டை விழ இடமில்லை.

மெயில் சுருக்குகிறதோ, வோல்டேஜோ, பஞ்சு விழுங்குகிறதோ என்று வரிசையாக யோசித்துவிட்டேன். பஞ்சு விழுங்கினால் உயர்த்தும்போதே தெரிந்திருக்கும்.

ஃபாயிஸா


தம்மாம்
25 ஏப்ரல், வெள்ளி

ஃபாயிஸா,

இந்த வாரம் நாற்பத்தி மூன்று இயந்திரம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. தொடங்கினால் எல்லாருக்கும் ஒரே நாளில் ஏ.சி. கெட்டுப்போகும்.

நீ எழுதியதை நான்கு முறை படித்தேன். வரிசை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ அளந்ததும் சென்னைக்கு அனுப்பியதும் வெட்டிய கோப்பு. வெட்டாததை அனுப்பு. பொத்தானைத் தட்டியதிலிருந்து அணைத்தது வரை. மூடியைக் கழற்றாமல் நான் எந்தக் கோளாறையும் கண்டுபிடித்ததில்லை.

இன்னொன்று. எழுதக் கூடாது என்றிருந்தேன்.

மூன்று வருடமாக நான்கு பேர் ஒரே அறை. என் கட்டிலுக்கும் ஜெயக்குமார் கட்டிலுக்கும் நடுவில் ஒரு முழம். அவன் தூக்கத்தில் ரெட்டியபட்டி ஆட்களோடு சண்டை போடுகிறான். அவர்கள் பேரெல்லாம் எனக்கு மனப்பாடம். குவார்ட்டர்ஸ் பட்டியலில் என் பேரைப் பார்த்தபோது முதலில் உனக்குத்தான் போன் போட்டேன். நீ முதலில் கேட்டது, "எந்த மாசம்?"

அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். கோப்பை அனுப்பு.

அனீஸ்


வீரசோழன்
27 ஏப்ரல் 2025

மச்சான்,

"எந்த மாசம்" என்று கேட்டிருக்கக் கூடாது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதலில் சந்தோஷம்தான் வந்தது. அது வாய்க்கு வருவதற்குள் மற்றது வந்துவிட்டது.

வெட்டாத கோப்பை அனுப்ப மூன்று முறை தொடங்கி மூன்று முறை நிறுத்தினேன். அதில் நான் தப்பாகப் படித்துவிட்டு என்னையே "மட்டி" என்று திட்டுகிறேன். ஒரு இடத்தில் கொட்டாவி. ஓரிடத்தில் வரியைத் தவறவிட்டு, சும்மா இருந்து, நாக்கைச் சப்புக்கொட்டுகிறேன். மாமி கதவைத் தட்டியதும் உண்டு. யாருக்கும் காட்டக் கூடாத முகம் மாதிரி அது.

இதோடு இணைத்திருக்கிறேன். இரண்டாவது மாதிரியின் மூலம், பதினொன்றரை நிமிடம்.

சிரிக்கக் கூடாது. ஜெயக்குமார் அண்ணனுக்குப் போட்டுக் காட்டக் கூடாது.

ஃபாயிஸா


தம்மாம்
2 மே, வெள்ளி

ஃபாயிஸா,

கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

வேலை அதிகம். இன்னும் பார்க்கிறேன்.

அனீஸ்


வீரசோழன்
10 மே 2025

மச்சான்,

எட்டு நாள். "பார்க்கிறேன்" என்று எழுதினீர்கள்.

இன்னும் பத்து நாள்தான் எனக்கு. மாமி கேட்கிறார், "என்னம்மா, அந்தப் புள்ளைக்கு அனுப்பிட்டியா?" கிருஷ்ணப்ரியாவைத்தான் சொல்கிறார். இன்னும் இல்லை என்றேன். "லேட்டாக்குனா அவுக வேற ஆளப் பாத்துக்கிடுவாக." அவர் என் பக்கம் பேசுகிறாரா, உங்கள் பக்கமா, தெரியவில்லை.

மூன்று வரிக் கடிதம் உங்கள் பழக்கம் இல்லை. ஒரு குழாய் அடைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவர் நீங்கள்.

சரி. நானே மூடியைக் கழற்றுகிறேன்.

ஃபாயிஸா


வீரசோழன்
16 மே 2025, காலை 11.40

மச்சான்,

கிடைத்துவிட்டது.

நேற்று மூன்று முறை கரண்ட் போனது. நான்காவது முறை வந்ததும், மறுபடி போவதற்குள் முடிக்க வேண்டுமென்று பதறி உட்கார்ந்தேன். குனிந்தேன், தட்டினேன், படித்தேன். முடித்து உயர்த்தி வெட்டி அளந்தால் −3. அனுப்பும் கோப்பிலும் −3. இந்த முறை எதுவும் காணாமல் போகவில்லை.

எதை மாற்றினேன் என்று யோசித்தேன். மைக் அதே இடம். அறை அதே அறை. பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. பதற்றத்தில், தொடங்கும் முன் பிஸ்மில்லாஹ் சொல்லவில்லை.

சொல்லாத நாளில் சரியாக வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் லேப்டாப்பைத் தொடவே இல்லை. போய்த் தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வந்து, பழைய மூலத்தைத் திறந்து, முதல் இரண்டு நொடியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நான் குனிந்து பொத்தானைத் தட்டுகிறேன். அப்போது என் வாய் மைக்குக்கு நாலு விரல் தூரத்தில். அந்த நேரத்தில்தான் பிஸ்மில்லாஹ் சொல்கிறேன். முதல் எழுத்து உதட்டில் வெடித்து, காற்று நேரே மைக்கில் அடிக்கிறது. பதிவு முழுவதிலும் மிகச் சத்தமான இடம் அதுதான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு முழம் தள்ளி, புத்தகத்தைப் படிக்கிறேன்.

−3க்கு உயர்த்தும்போது லேப்டாப் அந்தப் பிஸ்மில்லாஹ்வைத்தான் −3க்கு உயர்த்தியது. கிணறுகள் அதற்கு எட்டு கீழே நின்றன. பிறகு, புத்தகத்தில் இல்லாததை வெட்ட வேண்டுமே என்று, முதல் வேலையாக அதை வெட்டினேன். எட்டும் அதோடு போய்விட்டது. இரண்டாவது முறை மைக்கை நெருக்கியபோது அதுவும் என்னோடு நெருங்கியது. பயத்தில் அதைத்தான் அதிக அழுத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் −13.

உங்களுக்கு ஒன்று விடாமல் எழுதினேன் அல்லவா? அதில் இது இல்லை. மறைக்கவில்லை. அதை நான் செய்வதாகவே எனக்குத் தெரியாது.

இனிமேலும் சொல்வேன். முதலில் வெட்டுவேன். பிறகு உயர்த்துவேன். வரிசை மட்டும்தான் மாறுகிறது.

உங்கள் உதவி இல்லாமல் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக் காட்ட எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

ஃபாயிஸா


தம்மாம்
16 மே, ஜும்மாவுக்குப் பிறகு

ஃபாயிஸா,

உன் கடிதம் ஒன்று வந்திருப்பதாகப் போன் காட்டுகிறது. திறக்கவில்லை. திறந்தால் இதை எழுத மாட்டேன்.

எட்டு டெசிபல் எங்கே போனது என்று எனக்கு ஏப்ரல் முப்பதாம் தேதியே தெரியும்.

கோப்பை நான் மூன்று முறை கேட்டேன். ஹெட்போனில். கொட்டாவி, நாக்குச் சப்பு, "மட்டி", உம்மா கதவைத் தட்டியது, எல்லாம் கேட்டது. கோளாறு மட்டும் கேட்கவில்லை. அலை வடிவத்தைப் பார்க்கலாமென்று ஜெயக்குமாரின் லேப்டாப்பை வாங்கினேன். காட்டாதே என்று சொல்லியிருந்தாய். அவன் என் பின்னால் நின்று பார்த்துவிட்டான்.

"ஏலே, மொதல்ல ஒரு முள்ளு இருக்கே, அது என்ன?"

"எது?"

"இதுடா. மத்ததெல்லாம் புல்லு மாதிரி கெடக்கு. இது மட்டும் பனமரம் மாதிரி நிக்கிது."

அந்த இடத்தைப் போட்டான்.

"ஒண்ணும் இல்லயே" என்றேன். "இன்னும் ஆரம்பிக்கலடா."

"ஆரம்பிச்சிருச்சுடா. பிஸ்மி சொல்றாகல்ல?"

"அது பதிவுல சேராது."

"மைக்குக்கு அது தெரியுமா?"

மூன்று முறை காதில் விழுந்திருக்கிறது. மூன்று முறையும் நான் கேட்கவில்லை. ஏணியில் ஏறும் முன், மூடியைக் கழற்றும் முன், நானும் சொல்கிறேன். அது வேலைக்கு முன்னால் வருகிற ஒன்று. அதற்கும் ஒரு சத்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அவனுக்குத்தான் கேட்டது.

வரிசையை மாற்று. முதலில் வெட்டு, பிறகு உயர்த்து. இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதும். பதினாறு நாள் வைத்திருந்தேன். இரண்டாம் தேதி உனக்கு எழுதியது பொய்.

ஏன் என்று உனக்குத் தெரியும். மே இருபது தாண்டினால் புத்தகம் போய்விடும். புத்தகம் போனால் ஜூனில் நீ வருவாய். நான் எதையும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது தப்பு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜெயக்குமார் தினமும் கேட்டான், "சொல்லிட்டியா?" நீ அங்கேயே இருந்துவிட்டால் குவார்ட்டர்ஸ் அவனுக்கு. அதைச் சொல்லியே திட்டினேன். "எனக்காகக் கேக்கலடா" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, எனக்காகவுந்தான் கேக்கேன். ஆனா சொல்லிரு" என்றான். இன்றைக்குப் பள்ளிவாசலில் என்னால் உட்கார முடியவில்லை.

இன்னும் நான்கு நாள் இருக்கிறது. போதும்.

அனீஸ்


வீரசோழன்
18 மே 2025

மச்சான்,

உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமையே படித்தேன். நேற்று எழுதியதை அழித்துவிட்டேன். முந்தாநாள் எழுதியது அதைவிட மோசம்.

பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளில் நான் மைக்கைச் சந்தேகப்பட்டேன், லேப்டாப்பைச் சந்தேகப்பட்டேன், என் தொண்டையைச் சந்தேகப்பட்டு அருப்புக்கோட்டைக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத தொண்டைக்கு அரை நாள் பஸ்ஸில் போய் வந்தேன். அதை உங்களிடம் சொல்லாமல் விட முடியாது.

நீங்கள் சொல்லியிருக்காவிட்டால், நீங்கள் மறைத்தது எனக்குத் தெரியவே வந்திருக்காது. நானே கண்டுபிடித்துவிட்டேன். வேலை அதிகம் என்று நினைத்திருப்பேன். என் கடிதத்தைத் திறக்காமல் நீங்கள் எழுதினீர்கள். இதையும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்று இப்போது சொல்ல முடியாது.

என் பக்கமும் ஒன்று இருக்கிறது.

முதலில் வெட்டி, பிறகு உயர்த்தினேன். குரல் சரியாக ஏறியது. ஆனால் குரலை உயர்த்தினால் குரலுக்குப் பின்னால் இருப்பதும் சேர்ந்து உயர்கிறது. இதுவரை எனக்குக் கேட்காத ஒரு முனகல் கேட்டது. யாரும் பேசாத இடத்தில் இரைச்சல் −60க்குக் கீழே இருக்க வேண்டும். என்னுடையது −57. வீடு முழுக்கக் காதை வைத்துத் தேடினேன். சமையலறை ஃபிரிட்ஜ். பஞ்சைத் தாண்டி, தரை வழியாக வருகிறது.

மாமியிடம் போய்க் கேட்டேன், ஒரு மணி நேரம் அணைக்கலாமா என்று.

"உள்ள மீனு கெடக்கு."

"ஒரு மணி நேரந்தான் மாமி."

"கெட்டுச்சுன்னா உம் புருசன்ட்டத்தான் கேப்பேன்." அணைத்தார். அணைத்துவிட்டுச் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "இந்தா பாரு ஃபாயிஸா. போறதுன்னா போ. இருக்கறதுன்னா இரு. என்னயச் சாக்கா வைக்காத. எனக்குக் கையும் காலும் நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு நாம் போனில் கத்தியது முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கிறது.

அவர் சொன்னது சரி. மாமியைத் தனியே விட முடியாது என்று உங்களிடம் சொன்னது பொய். அவரைத் தனியே விடலாம். பக்கத்து வீட்டில் அவர் தங்கச்சி. எனக்குப் புத்தகம் வேண்டும், அதை மட்டும் காரணமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. புருஷனிடம் போகாமல் இருக்க ஒரு புத்தகம் போதுமான காரணமா என்று கேட்டுவிடுவீர்களோ என்று பயம். அதனால் மாமியை முன்னால் நிறுத்தினேன்.

மூன்றாவது மாதிரியை நாளை அனுப்புகிறேன். தோற்றால் ஜூனில் வருகிறேன். ஜெயித்தால் என்ன செய்வேன் என்பதை எனக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஃபாயிஸா


தம்மாம்
23 மே, வெள்ளி

ஃபாயிஸா,

டாக்டரிடம் போனது எனக்குத் தெரியாது. அரை நாள் பஸ் என்று படித்த பிறகு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் லேசாக இருக்கிறது. வேறு சொல் தெரியவில்லை.

மாதிரி என்ன ஆயிற்று என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்துவிடுவதற்கு முன் ஒன்றைச் செய்ய நினைத்தேன். தெரிந்த பிறகு செய்தால் அதற்கு வேறு கணக்கு வந்துவிடும்.

நேற்று மேனேஜரிடம் போய் ஜூன் குவார்ட்டர்ஸ் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ தோற்றாலும் அது இல்லை. ஜூனில் வருகிறேன் என்றாய், அந்த வழியை நானே அடைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்த கடைசிக் காரியமாக இது இருக்கட்டும்.

ஜெயக்குமாருக்குப் போய்விட்டது. அவன் மனைவி நாகஜோதிக்குப் போன் போட்டுச் சொன்னான். அந்தப் பக்கம் குலவை போட்ட சத்தம் எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான்.

"ஏலே, எனக்குச் சந்தோசமாத்தான் இருக்கு. ஒம் மூஞ்சியப் பாத்தாத்தான் என்னமோ மாதிரி இருக்கு."

"போய் சாமானக் கட்டுடா."

"ஜூனுல போறதுக்கு இப்பவேயாடா கட்டச் சொல்ற?"

நான் கிளம்பும்போது மேனேஜர் ஒன்று சொல்லியிருந்தார். வொர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில் ஒரே ஒரு அறை. சமையலறை உண்டு. டிசம்பரில் பழுது பார்த்துத் தருவார்களாம். வரிசை கிடையாது, யாரும் கேட்பதில்லை. காரணம் சத்தம்.

சாவியை வாங்கிப் போய்ப் பார்த்தேன். நடுவில் போனை வைத்து, கதவைச் சாத்தி, நான் வெளியே வந்துவிட்டேன். ஒரு நிமிடம். யாரும் பேசாத பதிவு. வெட்டவில்லை, உயர்த்தவில்லை.

இணைத்திருக்கிறேன். எனக்கு அளக்கத் தெரியாது. நீ அளந்து பார். பிடித்தால் பார். வேண்டாமென்றால் அழித்துவிடு.

அனீஸ்


வீரசோழன்
30 மே 2025

மச்சான்,

ஏற்றுக்கொண்டார்கள். இருபத்திரண்டு அத்தியாயமும். நேற்று மாலை வந்தது. "ஒலி அளவு சரி. இரைச்சல் சரி" என்று எழுதிவிட்டு, கிருஷ்ணப்ரியா கீழே இன்னொன்றும் எழுதியிருந்தார்: "ஆழம் என்பது உங்கள் வாயில் ஆளம் என்று கேட்கிறது. கவனியுங்கள்." கிணற்றுப் புத்தகம். முதல் அத்தியாயத்திலேயே அந்தச் சொல் முப்பத்தி நான்கு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டு நானும் மாமியும் நெடுநேரம் சிரித்தோம். மாமி சொல்லிப் பார்த்தார். அவருக்கும் வரவில்லை.

இந்தப் புத்தகத்தை இங்கேயே, பஞ்சு அறையிலேயே முடிப்பேன். பாதியில் அறை மாறினால் குரல் மாறிவிடுமாம். நவம்பர் கடைசியில் முடியும்.

குவார்ட்டர்ஸை என்னைக் கேட்காமல் விட்டதற்கு உங்கள் மேல் கோபம் வந்தது. நீங்கள் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். வேண்டாம் என்றிருப்பேன். பிறகு அந்த வேண்டாம் என்ற சொல்லை ஆறு மாதமும் சுமந்திருப்பேன். அதனால் கோபம் பாதியில் நிற்கிறது. அப்படியே இருக்கட்டும்.

உங்கள் ஒரு நிமிடத்தை அழிக்கவில்லை. ஹெட்போனில் எட்டு முறை கேட்டேன். ஒரு அறை என்னிடம் இப்படி இதுவரை வந்ததில்லை.

−44. போன் மைக்கில் எடுத்தது, கொஞ்சம் முன்பின் இருக்கும். −60க்கு இன்னும் பதினாறு இறக்க வேண்டும். அதிகம்தான். ஆனால் ஒரே சத்தம் இல்லை அது. பிரித்துப் பார்த்தேன். அடியில் ஓயாத ஒரு உறுமல், அது வொர்க்‌ஷாப்பாக இருக்கும், தரை வழியாக வருகிறது. தரைக்கு ஏதாவது விரித்தால் குறையும். மேலே மெல்லிய ஒரு சீழ்க்கை, ஜன்னல் இடுக்கில் காற்று என்று நினைக்கிறேன். நாற்பத்தோராவது நொடியில் வெளியே யாரோ எனக்குத் தெரியாத மொழியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். அது கணக்கில் இல்லை.

ஒன்பது நொடிக்கு ஒரு முறை ஏதோ தட்டுகிறது. சொட்டு இல்லை, அதைவிடக் கனம். குழாயா? இரும்பு சூடாகி விரிகிறதா? அது மட்டும் எனக்குப் புரியவில்லை. போய்ப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை வொர்க்‌ஷாப் மூடியிருக்குமா? வெள்ளிக்கிழமை ஒரு நிமிடம், மற்ற நாளில் ஒரு நிமிடம், இரண்டும் எடுத்து அனுப்புங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது? சுவர் செங்கல்லா, தகடா? கதவு தரையைத் தொடுகிறதா? மூலையில் நான் கால் மடக்கி உட்கார்ந்து, எதிரே ஒரு பெட்டி வைக்க இடம் இருக்குமா?

ஃபாயிஸா